இரண்டு அங்குலம் கழிப்பவர்கள்

என் மகனின் உயரம் ஐந்தடி எட்டு அங்குலம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடந்த இரண்டு வருடங்களில் அவனைப் பற்றி என்னிடம் பேசியவர்கள் எல்லோரும் அங்கேதான் ஆரம்பித்தார்கள், அங்கேயே முடித்தார்கள். நடுவில் அவன் எப்படி ஓடுகிறான், எப்படிப் பந்தைப் பிடிக்கிறான் என்று ஒரு வார்த்தை வந்தால், அது அம்மாக்காரி வருத்தப்படக் கூடாதே என்று போட்ட பிச்சை.

ராமநாதபுரத்தில் ஐந்தடி எட்டு என்றால் யாரும் குள்ளன் என்று சொல்ல மாட்டார்கள். என் அண்ணன்கள் இருவரும் அதைவிடக் குறைவு. பெண் கொடுத்த வீட்டார் யாரும் அளக்கும் டேப்பை எடுத்துக்கொண்டு வரவில்லை. டெக்சாஸில், டாலஸுக்கு வடக்கே நாங்கள் இருக்கும் இந்தப் பக்கத்தில், ஃபுட்பால் ஆடுகிற பையனுக்கு அந்த உயரம் ஒரு நோய் மாதிரி. பார்ப்பவர்கள் துக்கம் விசாரிப்பது போல விசாரிக்கிறார்கள்.

ஃபுட்பால் என்று இவர்கள் சொல்வது காலால் உதைக்கிற ஆட்டம் இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவது, ஓடுகிறவனை மற்றவர்கள் மோதித் தள்ளுவது. என் மகன் ரிசீவர். கோட்டின் ஓரத்தில் நிற்பான். விசில் அடித்ததும் ஓடுவான். பின்னாலிருந்து ஒருவன் பந்தை எறிவான். தன்னை ஒட்டிக்கொண்டு ஓடி வருகிறவனை ஏமாற்றிவிட்டு அந்தப் பந்தைப் பிடிக்க வேண்டும். உயரமான பையன்கள் குதித்து எடுப்பார்கள். இவன் குதிக்க வேண்டிய இடத்துக்கே போக மாட்டான். பக்கத்தில் வருகிறவன் ஒரு பக்கம் திரும்பும்போது இவன் மறுபக்கம் இருப்பான். பதினொன்றாம் வகுப்பில் அவன் பள்ளி அணியில் இவனைவிட அதிகமாகப் பந்தைப் பிடித்தவன் யாரும் இல்லை. இதை நான் அம்மாவாகச் சொல்லவில்லை. பள்ளியின் கணக்கிலேயே இருக்கிறது.

கல்லூரியிலும் ஆட வேண்டும் என்பது அவன் ஆசை. இங்கே கல்லூரி கோச்சுகள்தான் பள்ளிகளுக்கு வந்து பையன்களைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள். ஏதாவது ஒரு கல்லூரி அவனைக் கூப்பிட வேண்டும். இந்த ஒரு கேள்விதான் எங்கள் வீட்டில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கல்லூரி கூப்பிடுமா, கூப்பிடாதா?

இதில் முதல் குழப்பத்தை உண்டாக்கியவர் என் கணவர். அவருக்கு சாஃப்ட்வேரில் பிழை கண்டுபிடிக்கிற வேலை. வேலை முடிந்தாலும் அது முடியாது. ஓட்டலுக்குப் போனால் மெனுவில் எழுத்துப் பிழை கண்டுபிடித்து சர்வரைக் கூப்பிட்டுக் காட்டுவார். ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி ஆட்டத்துக்குப் போயிருந்தோம். ஆடுகிறவர்களின் பெயரும் உயரமும் எடையும் போட்ட சிறு புத்தகம் ஒன்றை வாசலில் கொடுப்பார்கள். என் மகன் ஓடிக்கொண்டிருக்கிறான், கூட்டம் கத்துகிறது, இவர் அந்தப் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"இது தப்பு," என்றார்.

"என்ன தப்பு? அங்க பாருங்க, பையன் பால் புடிச்சிட்டான்!"

"ஹைட் தப்பா போட்டிருக்காங்க. அஞ்சு பத்துன்னு இருக்கு. அவன் அஞ்சு எட்டுதானே? போன மாசம்தான டாக்டர் ஆஃபீஸ்ல அளந்தாங்க."

"இருந்துட்டுப் போகட்டும். கூடத்தானே போட்டிருக்காங்க."

"கூடப் போட்டாலும் தப்பு தப்புதான்."

வீட்டுக்கு வந்ததும் பள்ளிக் கோச்சுக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டார். ஆபீஸில் பிழை அறிக்கை அனுப்புவது போலவே இரண்டு கட்டம் போட்டு, இருக்க வேண்டியது இது, இருப்பது இது என்று எழுதி, டாக்டர் கொடுத்த தாளைப் படம் எடுத்துச் சேர்த்து அனுப்பினார்.

திங்கட்கிழமை நான் பேங்கில் கவுன்ட்டரில் இருந்தபோது கோச் கூப்பிட்டார். வயதானவர், அமைதியானவர். அவர் பேசியது ஆங்கிலம். எனக்கு நினைவிருக்கிறபடி தமிழில் எழுதுகிறேன்.

"மேம், இத நிஜமாவே மாத்தணும்னு உங்க ஹஸ்பெண்ட் சொல்றாரா?"

"உண்மை அதுதானே கோச்?"

"எஸ் மேம். உண்மை அதுதான்." ஒரு பெருமூச்சு விட்டார். "மாத்திடுறேன்."

மாற்றிவிட்டார். பள்ளியின் பக்கத்திலும், கல்லூரி கோச்சுகள் பார்க்கிற வலைப்பக்கத்திலும், எல்லா இடத்திலும். என் கணவர் திரும்பவும் சரிபார்த்துவிட்டு, "இப்ப கரெக்ட்டா இருக்கு," என்று திருப்தியாகச் சொன்னார்.

அந்தப் பெருமூச்சின் அர்த்தம் மே மாதம்தான் எனக்குப் புரிந்தது. மே மாதம் கல்லூரி கோச்சுகள் ஒவ்வொரு பள்ளியாக வருவார்கள். கல்லூரிச் சின்னம் போட்ட சட்டையும் தொப்பியுமாக மைதான ஓரத்தில் நின்று, சந்தையில் மாடு பார்ப்பதைப் போலப் பார்ப்பார்கள். அதற்கு முன்பு வாரா வாரம் என் மகனுக்கு மெசேஜ் அனுப்பிக்கொண்டிருந்த ஒரு கல்லூரியின் ரிசீவர் கோச் அன்றைக்கு வந்திருந்தார். நான் மகனை அழைத்துப் போக வந்தவள், வேலியருகே நின்றேன். அந்த மனிதர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். பிறகு என் மகன் இருந்த பக்கத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கோட்டின் மறுகோடியில் நின்ற ஓர் உயரமான பையனைப் பார்க்கப் போய்விட்டார். அந்தப் பையன் அன்று தொட்ட பந்தெல்லாம் கீழே விழுந்தது.

பள்ளிக் கோச்சிடம் போனேன்.

"என்ன கோச், அவர் எங்க பையனைத் திரும்பிக்கூடப் பாக்கல?"

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "மேம், அவங்க எல்லார் உயரத்துலயும் ரெண்டு அங்குலம் கழிச்சுத்தான் படிப்பாங்க."

"ஏன்?"

"எல்லாரும் ரெண்டு அங்குலம் கூட்டித்தானே எழுதுறாங்க."

"எங்க பையனோடது நிஜமான உயரம்னு நீங்க சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன் மேம். எல்லாக் கோச்சும் அதத்தான் சொல்வாங்க."

கார் கதவை நான் சாத்திய வேகத்தில் பக்கத்துக் காரில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். என்ன ஊர் இது? எல்லோரும் பொய் எழுதுகிறார்கள். எல்லோருக்கும் அது பொய் என்று தெரிகிறது. அதனால் எல்லோரும் அதைக் கழித்துவிட்டுப் படிக்கிறார்கள். இந்த ஏற்பாட்டில் யாருக்கும் நஷ்டமில்லை, உண்மையை எழுதியவனைத் தவிர. பேங்கில் தினமும் ஓட்டுநர் உரிமங்களை வாங்கிப் பார்க்கிறவள் நான். அதிலும் ஆளாளுக்கு ஓர் அங்குலம் கூட்டித்தான் எழுதியிருப்பார்கள். கவுன்ட்டருக்கு மேலே தலை மட்டும் தெரிகிற ஆள் ஆறடி என்று எழுதியிருப்பார். நான் சிரித்துவிட்டுப் பணத்தைக் கொடுத்துவிடுவேன். அதை வைத்து யாருடைய வாழ்க்கையையும் நான் நிறுத்தியதில்லை.

அன்று வீட்டில் சண்டை.

"உங்களை யாரு அதப் போய் மாத்தச் சொன்னது?"

"தப்பான டேட்டாவ வச்சு முடிவெடுத்தா அது அவங்க தப்பு," என்றார் கணவர்.

"அவங்க தப்புக்கு இவன்தானே ஃபெயில் ஆகுறான்?"

"அதுக்காகப் பொய் எழுதச் சொல்றியா?"

"ஆமா, சொல்றேன்! நாளைக்கே அந்தக் கோச்சுக்கு ஃபோன் பண்ணி, திரும்ப அஞ்சு பத்துன்னு போடச் சொல்றேன்."

ஃபிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்த மகன் அப்போதுதான் வாயைத் திறந்தான். அவன் தமிழ் புரிந்துகொள்வான், பதில் எப்போதும் ஆங்கிலம்தான். திரும்ப மாற்றினால், தான் இரண்டு முறை உயரத்தை மாற்றிய பையன் ஆகிவிடுவேன், அதற்குப் பிறகு யாரும் எதையும் நம்ப மாட்டார்கள் என்றான்.

"அப்ப என்னதான்டா பண்றது?"

"லெட் தெம் மெஷர் மீ, மா," என்றான். அவங்களே அளக்கட்டும்.

ஜூன் மாதத்தில் கல்லூரிகளே முகாம் நடத்தும். பையன்கள் அங்கே போய் ஆடிக் காட்ட வேண்டும். ஆடும் முன் அவர்களே உயரம், எடை, கை நீளம் எல்லாம் அளப்பார்கள். முதுகு காட்டிய அந்தக் கோச்சின் கல்லூரி மேற்கே நான்கு மணி நேர டிரைவ். அங்கேயே போகிறேன் என்றான். எனக்கு அந்த ஆளின் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அவனுக்கு ரோஷம் எல்லாம் இல்லை, ஆட வேண்டும், அவ்வளவுதான்.

முகாமுக்கு முந்தைய வாரம் ஹஜ்ஜுப் பெருநாள். எங்கள் தமிழ் ஜமாத்தில் ஒரு ஹாலை வாடகைக்கு எடுத்து, ஆளுக்கொரு சாப்பாடு கொண்டுவந்து கூடுவோம். கையில் பிரியாணித் தட்டோடு ஓர் அங்கிள் வந்தார். எல்லோருடைய பிள்ளைகளும் எந்தக் கல்லூரியில் என்ன படிக்கிறார்கள் என்பது அவர் விரல் நுனியில் இருக்கும்.

"என்னம்மா, பையன் இன்னும் அந்த முட்டை பால் விளையாட்டுதானா?"

"ஆமா அங்கிள்."

"நல்லதுதான். காலேஜ் அப்ளிகேஷன்ல போட்டா நல்லா இருக்கும். நம்ம பசங்க எல்லாம் வயலின், செஸ்னு ஒரே மாதிரி போடுறாங்க. இது வித்தியாசமாத் தெரியும்."

"அவன் காலேஜ்லயும் ஆடப் போறான் அங்கிள்."

சிரித்தார். "அட, சீரியஸா எடுத்துக்காதம்மா. நம்ம பசங்களுக்கு அந்த பாடி கிடையாது."

"எந்த பாடி?"

"அதான்மா... ஃபிரேம். அது வேற ஆளுங்க வெளயாட்டு."

"உங்க பையன் ஸ்பெல்லிங் போட்டிக்குப் போனப்ப, நம்ம பசங்களுக்கு அந்த வாய் கிடையாதுன்னு நான் வந்து சொன்னேனா?"

பக்கத்தில் நின்ற என் கணவர் முழங்கையால் இடித்தார். அங்கிள் தட்டைப் பார்த்துக்கொண்டே, "கோவப்படாதம்மா, ஜோக்குக்குச் சொன்னேன்," என்றார்.

"ஜோக்குன்னா சிரிச்சிருப்பேன் அங்கிள்."

அதற்குப் பிறகு அன்றைக்கு என்னிடம் யாரும் ஃபுட்பால் பேசவில்லை. எனக்கு ஒன்று மட்டும் புரியவே இல்லை. முதுகு காட்டிய அந்த வெள்ளைக்காரக் கோச்சாவது இரண்டு அங்குலம்தான் கழித்தார். எங்கள் ஆள் மொத்தப் பிள்ளையையும் கழித்துவிட்டார். அவன் ஆடி ஒரு நாள்கூட அவர் பார்த்ததில்லை.

முகாம் நாளில் வெயில் கொளுத்தியது. ஒரு கூடாரத்துக்குள் பையன்கள் வரிசையாக நின்றார்கள். ஷூவையும் சாக்ஸையும் கழற்றிவிட்டுச் சுவரோரம் இருந்த அளவுப் பலகையில் ஏற வேண்டும். அந்தக் கூத்தை நேரில் பார்க்க வேண்டும். முடியைக் கோபுரம் போல நிறுத்தி வந்தவன், மூச்சை இழுத்துக் கழுத்தை நீட்டுகிறவன், குதிகாலை மெல்லத் தூக்குகிறவன். அளக்கிற பையன் எதற்கும் சிரிக்கவில்லை, குதிகாலைத் தன் ஷூவால் தட்டிக் கீழே இறக்கினான். ஆறடி என்று எழுதி வந்தவர்கள் ஒவ்வொருவராகச் சுருங்கினார்கள். என் மகன் ஏறினான், நேராக நின்றான், இறங்கினான். எழுதியதும் அளந்ததும் ஒன்றாக இருந்தது அந்த வரிசையில் அவனுக்கு மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

முதுகு காட்டிய கோச் பக்கத்தில் நின்றிருந்தார். வெயிலில் கழுத்து சிவந்த மனிதர், எல்லோரையும் ஆங்கிலத்தில் 'படி', அதாவது நண்பா, என்று கூப்பிடுகிறவர். "ஹே படி, நான் நினைச்சதவிட நீ உயரமா இருக்க," என்றார்.

வேலிக்கு இந்தப் பக்கமிருந்து நான் கேட்டுவிட்டேன். "எவ்வளவுன்னு நினைச்சீங்க?"

திரும்பிப் பார்த்தார். "அஞ்சு ஆறுன்னு நினைச்சோம் மேம்."

"தாள்ல அஞ்சு எட்டுன்னு இருந்துச்சே?"

"ஆமா மேம். அதனாலதான்."

வெட்கமே இல்லை. சிரித்துக்கொண்டு சொன்னார். என் மகன் என்னைப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சினான், நான் வாயை மூடிக்கொண்டேன்.

பிற்பகல் ஒருவனுக்கு ஒருவன் என்று விடும் ஆட்டம். எதிரில் நின்றவன் இவனைவிட ஒரு தலை உயரம். என் மகன் வேகமாக மூன்று எட்டு வைத்தான், உள்பக்கம் தோளைச் சாய்த்தான். அந்தப் பையன் இடுப்பைத் திருப்பினான், அத்தோடு அவன் கதை முடிந்தது. இவன் வெளிப்பக்கம் போய்விட்டிருந்தான். பந்து தாழ்வாக வந்தது, புல்லுக்கு ஒரு சாண் மேலே. உயரமானவன் என்றால் குனிவதற்குள் போயிருக்கும். இவன் ஓட்டத்திலேயே கால்விரலருகே அள்ளினான். அடுத்தவனை விட்டார்கள், அவனுக்கும் அதே கதி. அதற்கடுத்தவனுக்கும். அதற்குப் பிறகு கோச்சின் குரலே மாறிவிட்டது. 'படி' போய் என் மகனின் பெயர் வந்துவிட்டது.

மாலையில் எங்களை ஆபீசுக்குள் கூப்பிட்டுக் குளிரூட்டிய அறையில் உட்காரவைத்தார். "இவன் எங்களுக்கு வேணும். ஸ்காலர்ஷிப் ஆஃபர் பண்றோம்," என்றார். கையைக் குலுக்கினார். என் கணவரின் கையையும் குலுக்கினார்.

"லெட்டர் எப்ப வரும் சார்?" என்று கேட்டார் கணவர்.

"டிசம்பர்ல பேப்பர் வரும். அதுவரைக்கும் என் வார்த்தைதான்."

வரும் வழி முழுக்க என் மகன் சிரித்துக்கொண்டே வந்தான். அப்படி அவன் சிரித்து நான் பார்த்து வெகுநாளாகியிருந்தது. ஜமாத் குழுவில் என் கணவர் செய்தி போட்டார். அங்கிள் முதல் ஆளாக மாஷா அல்லாஹ் என்று போட்டுப் பூங்கொத்துப் படமும் அனுப்பினார்.

ஆகஸ்டில் என் மகன் அந்தக் கோச்சைக் கூப்பிட்டு, வருகிறேன் என்று சொன்னான். மகிழ்ச்சி, கொஞ்சம் பொறு, என்றார் அவர். செப்டம்பரில் திரும்பக் கேட்டான். பொறு. பள்ளிக் கோச்சிடம் போனேன். முதலில் அதே பெருமூச்சு வந்தது. ஒரு இடத்துக்குப் பலருக்கு ஆஃபர் கொடுப்பார்கள், அதில் சிலருடையதைத்தான் ஏற்றுக்கொள்ள முடியும், மற்றவர்களுடையது பேச்சுக்கு, என்று விளக்கினார்.

"வாங்கிக்க முடியாதத எதுக்குக் குடுத்தாங்க?"

"பையன் வேற எடத்துக்குப் போயிடக் கூடாதுன்னுதான் மேம்."

நான் என் கவுன்ட்டரில் ஒருவருக்கு பேங்க் செக் எழுதிக் கொடுத்துவிட்டு, அவர் மாற்ற வரும்போது "இது மாத்துற செக் இல்ல, சும்மா கையில வச்சுக்கத்தான் குடுத்தோம்" என்று சொன்னால் என்னைக் கைவிலங்கு போட்டு இழுத்துக்கொண்டு போவார்கள். இவர்களுக்குக் கல்லூரி பங்களா கட்டிக் கொடுக்கிறது. பதினேழு வயதுப் பிள்ளையிடம் வாக்குக் கொடுத்து ஏமாற்றுவதற்கு இந்த நாட்டில் ஒரு சட்டமும் கிடையாது.

டிசம்பரில் கையெழுத்துப் போடும் வாரத்துக்குச் சற்று முன்னால் கோச் கூப்பிட்டார். சாப்பாட்டு மேஜையில் ஸ்பீக்கரில் போட்டான் என் மகன்.

"படி, நிலைமை கொஞ்சம் மாறிடுச்சு," என்றார். பெயர் போய் திரும்ப 'படி' வந்துவிட்டதைக் கேட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. வேறொரு கல்லூரியில் மூன்று வருடம் ஆடிய ஒருவர் அங்கிருந்து மாறி இங்கே வருகிறாராம். ஆறடிக்கு மேல், வளர்ந்த ஆள். இப்போது எல்லாக் கல்லூரியும் அப்படித்தான் செய்கிறதாம். பள்ளிப் பிள்ளையை எடுத்து வளர்க்க யாருக்கும் பொறுமை இல்லையாம். "உனக்கு இன்னும் ரெண்டு அங்குலம் இருந்திருந்தா இந்த ஃபோன் காலே வேற மாதிரி இருந்திருக்கும்."

நான் ஃபோனை என் பக்கம் இழுத்தேன்.

"கோச், அந்த ரெண்டு அங்குலம் ஜூன் மாசமும் இல்ல. நீங்கதான் அளந்தீங்க. பக்கத்துல நின்னு நீங்கதான் பாத்தீங்க."

"ஐ அண்டர்ஸ்டாண்ட், மேம்."

"என்ன அண்டர்ஸ்டாண்ட்? அவனப் புடிக்கலன்னா ஜூன்லயே அனுப்பியிருக்கணும். ஆறு மாசமா வேற எங்கயும் போக விடாமப் புடிச்சு வச்சிட்டு, இப்ப வந்து உயரம் பத்தலங்கிறீங்க. அளந்து பாத்து வாங்கின துணியப் போட்டுக் கிழிச்சிட்டுக் கடைக்காரன்கிட்ட திருப்பிக் குடுப்பீங்களா?"

அப்போதுதான் என் கணவர், வாழ்க்கையில் யாரிடமும் குரல் உயர்த்தாதவர், ஃபோன் அருகே குனிந்தார். ஆங்கிலத்தில், ஆபீஸ் மீட்டிங்கில் பேசுகிற அதே குரலில் சொன்னார்: "சார், நீங்களே டெஸ்ட் பண்ணீங்க, நீங்களே பாஸ் போட்டீங்க. அதுக்கப்புறம் ரிக்வயர்மென்ட மாத்திட்டு, ப்ராடக்ட்ல டிஃபெக்ட்னு சொல்றீங்க. எங்க ஃபீல்டுல இப்படிப் பண்றவங்கள நாங்க ரெண்டாவது தடவ மீட்டிங்குக்குக் கூப்பிட மாட்டோம்."

ஃபீஸை நாமே கட்டிப் படித்துக்கொண்டு, அணியில் சும்மா வந்து சேர்ந்துகொள்ளலாம், ஸ்காலர்ஷிப் கிடையாது, ஆட வாய்ப்பு வருமா என்று சொல்ல முடியாது, என்று கடைசியாக ஒன்றைச் சொன்னார் கோச்.

"நோ சார்," என்றான் என் மகன். "தேங்க்யூ ஃபார் த கால்."

"அந்த ஆளுக்கு எதுக்குடா தேங்க்ஸ் சொன்ன?" என்று கத்தினேன்.

"மா. ஐ ஜஸ்ட் வான்டட் டு ஹேங் அப்." சீக்கிரம் ஃபோனை வைத்தால் போதுமாம். எழுந்து போய் மாடியில் கதவைச் சாத்திக்கொண்டான். அழுதானா என்று எனக்குத் தெரியாது. கதவைத் தட்டப் போன என்னைக் கணவர் தடுத்துவிட்டார். இரண்டு நாள் அவன் பந்தைத் தொடவில்லை. மூன்றாம் நாள் காலையில் கராஜ் கதவில் பந்து மோதும் சத்தம் கேட்டது. மோதட்டும், கதவு உடைந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது.

ஜனவரியில் இன்னொரு கோச் கூப்பிட்டார். இரண்டு மணி நேரத் தூரத்தில் ஒரு சின்னக் கல்லூரி. பெரிய கல்லூரி முகாம்களில் சின்னக் கல்லூரிக் கோச்சுகள் உதவிக்கு வருவார்களாம். ஜூன் மாதம் அந்த வெயிலில் பந்து பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தவர்களில் இவரும் ஒருவர். விளையாட்டுக்காக ஸ்காலர்ஷிப் கொடுக்கக் கூடாது என்பது அந்தச் சின்னக் கல்லூரிகளின் விதி. படிப்புக்கு ஏதாவது கொடுப்பார்கள், மீதி நம் தலையில்.

வீட்டுக்கே வந்தார். தேங்காய்ச் சோறும் கறிக்குழம்பும் வைத்தேன். வியர்க்க வியர்க்கச் சாப்பிட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்டார். அதற்கெல்லாம் மயங்குகிற ஆள் நான் இல்லை. தட்டை எடுக்கும்போதே கேட்டேன்.

"என் பையன் ஆடுவானா?"

"தெரியாது மேம்."

"தெரியாதுன்னா?"

"அந்த எடத்துக்கு இவனோட அஞ்சு பேர் இருக்காங்க. ஆகஸ்ட்ல எல்லாரும் ஓடுவாங்க. யார் நல்லா ஆடுறாங்களோ அவங்க ஆடுவாங்க."

"நடுவுல உயரமா ஒருத்தன் டிரான்ஸ்ஃபர்ல வந்தா?"

"வரலாம். வந்தா அவனும் அந்த வரிசையிலதான் நிப்பான்."

அவரை நல்லவர் என்று நான் முடிவு கட்டிவிடவில்லை. காசு நாங்கள் கட்டுகிறோம், அவருக்கு என்ன நஷ்டம்? அந்த மாதிரிக் கல்லூரிகள் ஃபுட்பால் ஆசை காட்டித்தான் பிள்ளைகளைச் சேர்க்கின்றன என்று பிற்பாடு பேங்கில் ஒருவர் சொன்னார், இருக்கலாம். ஆனால் இரண்டு வருடத்தில் என் கேள்விக்குத் தெரியாது என்று பதில் சொன்ன முதல் ஆள் அவர்தான். மற்ற எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. அவர் போன பிறகு, "நான் இங்க போறேன்," என்று மகன் தமிழிலேயே சொன்னான்.

எனக்குச் சமாதானம் ஆகவில்லை. இன்றைக்கும் ஆகவில்லை. அவன் ஆடுவதைப் பார்த்து, அளந்து, வேண்டும் என்று சொல்லிக் கையைக் குலுக்கியவர்கள் அவனைக் கைவிட்டார்கள். அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. அந்தக் கோச் அந்தக் கோடையில் இன்னொரு வேலிக்கு அந்தப் பக்கம் நின்று இன்னொரு பிள்ளையின் கையைக் குலுக்கியிருப்பார்.

ஆகஸ்டில் அவனை விடுதியில் விட்டுவிட்டு வந்தோம். முதல் இரண்டு வாரப் பயிற்சி முடிந்ததும் யார் முதல், யார் இரண்டாவது என்று வரிசை போடுவார்கள் என்று சொல்லியிருந்தான். அன்று மதிய இடைவேளையில் பேங்க் பின்னாலிருக்கும் பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஃபோன் வந்தது.

"என்னடா ஆச்சு?"

"ஃபோர்த், மா."

"நாலாவதா? அஞ்சு பேர்ல நாலாவதா?" சாப்பாட்டு டப்பாவைப் பக்கத்து சீட்டில் வைத்தேன். "உனக்கு முன்னாடி இருக்குற மூணு பேரும் எவ்வளவு ஹைட்டு? அந்த ஆளு நம்ம வீட்டுல வந்து தின்னுட்டு என்ன சொல்லிட்டுப் போனாரு! இரு, நம்பர் குடு, நான் பேசுறேன்."

"மா, மா. லிசன்." சிரித்தான். முதல் ஆள் தன்னைவிடக் குட்டை என்றான். செவ்வாய்க்கிழமை இரண்டு பந்தைக் கீழே விட்டுவிட்டேன், இரண்டுமே நேராகக் கைக்கு வந்தவை, அதனால்தான் நாலாவது, வரும் வாரம் திரும்ப வரிசை போடுவார்கள் என்றான்.

திட்டுவதற்கு நான் தயாராக வைத்திருந்த அத்தனையும் வாய்க்குள் நின்றது. கோச்சைத் திட்ட முடியாது, அங்கிளைத் திட்ட முடியாது. உயரத்தைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. பந்தை விட்டிருக்கிறான், அதற்காகப் பின்னால் தள்ளியிருக்கிறார்கள்.

"கைக்கு வந்த பாலை விட்டியா?" என்றேன். "ரெண்டு பாலா? கண்ண எங்கடா வச்சிருந்த?"